லைன் அறுந்து திரும்பும் ஒவ்வொரு முறையும்

நோலீன் பாஸ்கோ என்ற பெண்மணிதான் எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டிவந்தார். காலையில் ஒரு நடை, மூன்றே காலுக்கு ஒரு நடை. இடைப்பட்ட நேரத்தில் எங்கள் விரிகுடாவின் கெல்லட் பே சிப்பி வளர்ப்போர் சங்கத்தின் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்வார். பதினொரு பண்ணைகள் சேர்ந்த சங்கம் அது, ஒன்று என்னுடையது.

2001இல் அலுவலகத்தில் நான்கு கணினிகளும், இணையத்துக்கென்று ஒரே ஒரு தொலைபேசி லைனும் இருந்தன. லைனுக்கும் கணினிகளுக்கும் நடுவே மூலையில் ஒரு பழைய பெட்டி. அதில் லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடியது. அதன் ஃபயர்வால்தான் வெளியாட்களை உள்ளே விடாமல் தடுத்தது. கேரவனில் ஊர் சுற்ற வந்த ஒரு பொறியாளர் ஒரு வாரம் தங்கி, ஒரு கூடை சிப்பிக்காக அதை அமைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

அவர் செய்ததில் ஒரு குறை. மோடம் ஒவ்வொரு முறை இணையும்போதும் எங்களுக்குப் புதிதாக ஓர் இணைய முகவரி எண் கிடைக்கும். அவரோ தான் அமைத்த அன்றைக்கு இருந்த எண்ணையே ஃபயர்வாலில் எழுதிவைத்துவிட்டார். மழை பெய்தால் கோதுமை வயலுக்கு அடியில் போகும் கம்பி நனைந்து லைன் அறுந்துவிடும். மோடம் தானே திரும்ப இணைத்துக்கொள்ளும். ஆனால் எண் மாறியிருக்கும். ஃபயர்வால் பழைய எண்ணையே காத்துக்கொண்டு நிற்கும். ஒரு மின்னஞ்சல்கூட உள்ளே வராது. நோலீன் எழுந்து போய்ப் புதிய எண்ணைப் போட்டு ஏழு வரிகளைத் தட்டச்சு செய்வார். ஒரு நாளைக்கு நாலைந்து முறைகூட. அதை அவர் யாரிடமும் வேலை என்று சொன்னதில்லை.

ஜூனில் பல் பிடுங்க போர்ட் லிங்கன் நகரத்துக்குப் போனார். வீங்கிய தாடையோடு இரண்டு நாள் அக்கா வீட்டில் தங்கிவிட்டார். அப்போதுதான் லைன் அறுந்தது. சங்கத் தலைவர் மெர்வ் ஹைன்ஸ் யாரையோ தொலைபேசியில் கேட்டு, ஃபயர்வாலையே நிறுத்திவிட்டார். அஞ்சல்கள் கொட்டின. நோலீன் திரும்பியபோது எல்லாம் ஒழுங்காக ஓடியது. மெர்வும் வாய் திறக்கவில்லை. லைன் அறுந்தாலும் அஞ்சல் நிற்கவில்லை என்பது நோலீனுக்கு அதிசயமாகத்தான் இருந்ததாம். கம்பியைச் சரிபார்த்துவிட்டார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டாராம்.

பத்தாம் நாள் இணைய நிறுவனம் எங்கள் கணக்கை முடக்கியது. காவல் இல்லாத எங்கள் பெட்டிக்குள் புகுந்து, அதன் வழியாக யாரோ ஆயிரக்கணக்கில் குப்பை அஞ்சல்களை அனுப்பியிருந்தார்கள். அதே வாரம் ஓயாத மழை. பெருமழைக்குப் பின் கரையிலிருந்து அழுக்கு நீர் விரிகுடாவில் கலந்தால் சிப்பி எடுக்கக் கூடாது, தின்றவர்களுக்கு நோய் வரும். அந்தத் தடை அறிவிப்பு அடிலெய்டில் உள்ள ஆய்வகத்திலிருந்து மின்னஞ்சலில்தான் வரும். வரவில்லை. மெர்வ் விடியற்காலையிலேயே லாரியை ஏற்றி அனுப்பிவிட்டார்.

காலை நடையை முடித்து வந்த நோலீன் மழைமானியைப் பார்த்தார். நேரே ஆய்வகத்துக்குத் தொலைபேசி போட்டார்.

"நேத்தே மெயில் போட்டுட்டோமே! உங்க விரிகுடாவ மூடியாச்சு" என்றார்கள்.

அடுத்த அழைப்பு, போகும் வழியில் கிம்பா என்ற ஊரில் லாரிகள் டீசல் போடும் கடைக்கு. "வெள்ளை லாரி, பச்சைத் தார்ப்பாய். ஓட்டுற ஆள் கறி பஃப் தின்னுகிட்டு இருப்பான். எந்திரிக்க விடாதீங்க, நான் லைன்லயே இருக்கேன்."

லாரி திரும்பியது. சிப்பிகளை மறுபடி தண்ணீரில் இறக்கினோம். யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்று மாலைக் கூட்டத்தில்தான் மெர்வ் நடந்ததை ஒத்துக்கொண்டார். ஆனாலும் எங்கள் கோபம் பெட்டியின் மேல்தான் போயிற்று. "அந்தச் சனியனத் தூக்கிக் கடல்ல போடுங்கப்பா" என்றவன் நான்தான்.

நோலீன் எழுந்தார். "போடலாம். அப்புறம் எவன் வந்து நம்ம வழியா என்ன அனுப்பினாலும் கேக்க நாதி இருக்காது. அந்த ஏழு வரிய ஒருத்தருக்கும் சொல்லாம வெச்சிருந்தது என் தப்பு. சரி பண்ண ரெண்டு வாரம் குடுங்க."

அடிலெய்டில் லினக்ஸ் ஆர்வலர் குழு ஒன்று இருந்தது. அதில் ஸோல்டன் என்ற ஹங்கேரியக்காரர் தொலைபேசியில் பேசினார்.

"ஏம்மா, எண் மாறுறத நீங்க ஏன் பாக்குறீங்க? பெட்டிக்கே தெரியுமே. லைன் ஏறினதும் அது தானா ஓட்டுற ஒரு ஃபைல் இருக்கு. புது எண்ண அதுகிட்ட குடுத்துடும். உங்க ஏழு வரிய அதுக்குள்ள போடுங்க."

"லைன் ஏறி அது ஓடுற வரைக்கும்? கதவு தொறந்தே கிடக்குமா?"

"நீங்க நெசமாவே பஸ்தான் ஓட்டுறீங்களா? பெட்டி கண் முழிக்கும்போதே எல்லாத்தயும் மூடிடுங்க. லைன் ஏறினப்புறம் வேணுங்கிறத மட்டும் திறங்க. அறுந்தா மறுபடி மூடிடணும். இன்னொண்ணு, பழசு மொத்தத்தயும் அழிச்சிட்டுப் புதுசா போடுங்க. யார் என்ன விட்டுட்டுப் போனான்னு யாருக்குத் தெரியும்?"

அழித்து, புதிதாகப் போட்டு, வரிகளை எழுத நோலீனுக்கு நான்கு மதியங்கள் பிடித்தன. பெட்டி சுத்தம் என்று அவர் சொன்னபின் இணைய நிறுவனமும் கணக்கைத் திறந்துவிட்டது. எழுதி முடித்துத் தொலைபேசிக் கம்பியைப் பிடுங்கிச் சொருகினார். மோடம் இணைந்தது. ஃபயர்வால் அசையவில்லை. எழுத்துப் பிழையா என்று வரிவரியாகத் தேடினார், ஒன்றும் இல்லை. மறுநாள் பேருந்தில் பிள்ளைகளை இறக்கும்போதுதான் பொறி தட்டியதாம்: அந்த ஃபைலுக்கு ஓடும் அனுமதியையே கொடுக்கவில்லை. ஒரே ஒரு கட்டளை. கொடுத்தபின் கம்பியைப் பதினான்கு முறை பிடுங்கினார். பதினான்கு முறையும் எண் மாறியது. ஃபயர்வாலும் கூடவே மாறியது.

வெள்ளிக்கிழமை எங்களை அழைத்தார். மெர்வ் சந்தேகத்தோடு மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ் மெர்வ், என்ன முறைக்கிற? நீயே புடுங்கு."

பிடுங்கினார். சொருகினார். மோடம் கீச்சிட்டு அடங்கியது. ஒரு நிமிடத்தில் சிட்னி வியாபாரியின் அஞ்சல் திரையில் வந்து நின்றது. நோலீன் நாற்காலியை விட்டு எழவே இல்லை.

"அன்னிக்கே உன்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றார் மெர்வ். "வெக்கமா இருந்துச்சு."

"இருக்கட்டும். இந்தா, ஏழு வரியும் எழுதி வெச்சிருக்கேன், எந்த வரி எதுக்குன்னு. எனக்கு இன்னும் ரெண்டு பல்லு புடுங்கணும்."

நானும் அன்று மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "கடல்ல போட்டிருந்தா உன் சிப்பிக் கூடையிலதான்யா வந்து மாட்டியிருக்கும்" என்றார்.

ஆகஸ்டில் வடக்கே உள்ள இன்னொரு விரிகுடாவின் சங்கம் ஆள் அனுப்பியது. அவர்களுக்கும் இதே தொல்லை. ஒரு சனிக்கிழமை நோலீன் மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு தன் காரில் கிளம்பினார். வேலை நாலு மணிக்கு முடிந்தது. அங்கே அவரை யாரும் பேருந்துக்காரம்மா என்று கூப்பிடவில்லை, கணினிக்காரம்மா என்றார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.