லொரெய்ன் வெளியே போன கூட்டம்

இங்கிலாந்தில் டெவன் பக்கம் கோம்ப் ஆஷ்லி என்ற கிராமத்தில் லொரெய்ன் ஹெர்டைத் தெரியாதவர் கிடையாது. பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை, ஊராட்சி மன்றத்தில் உறுப்பினர் பதவி. ஏதோ தேர்தலில் ஜெயித்து வந்தவள் என்று நினைத்துவிட வேண்டாம். நாற்காலிக்கு ஆளே வராமல், "நீயாவது உக்காரேன்" என்று பிடித்து உட்காரவைத்தார்கள். நாய் அசிங்கத்துக்குத் தொட்டியை எங்கே வைப்பது என்று வருஷக்கணக்கில் சண்டை போட்ட மன்றம் அது.

அங்கே லொரெய்ன் ஒரே பிடியாக நின்றாள். தேவாலயத்துக்குப் பின்னால் ஊராட்சிக்குச் சொந்தமாக ஒரு வயல் கிடந்தது. அதில் உள்ளூர்க்காரர்களுக்குக் குறைந்த வாடகைக்குப் பத்து வீடு கட்ட வேண்டும் என்றாள். ஊரில் பாதி வீடுகளை லண்டன்காரர்கள் விடுமுறைக்கென்று வாங்கிப் போட்டிருந்தார்கள். குளிர்காலத்தில் அவற்றில் விளக்கே எரியாது. அவள் மகள் கெர்ரியோ, புருஷனோடும் ஓயாமல் இருமும் பிள்ளையோடும், அம்மா வீட்டுத் தோட்டத்தில் ஈரம் கசியும் கேரவனில், அதாவது ஒரு சக்கர வீட்டில், கிடந்தாள். பத்தில் ஒன்று கெர்ரிக்குக் கிடைத்துவிடும் என்ற நினைப்பில்தான் லொரெய்ன் நாளை ஓட்டினாள்.

எதிர்த்து நின்றவர் டெரக் வில்மாட். அவரும் மன்ற உறுப்பினர்தான். படுக்கையோடு இருக்கும் மனைவி மேரியனைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளும் நல்ல மனுஷர். வயலில் வௌவால் இருக்கிறது, சாக்கடை தாங்காது, கார் பெருகிவிடும் என்று அடுக்கிக்கொண்டே போவார். அவர் வீட்டுச் சன்னல் அந்த வயலைப் பார்த்தபடி இருப்பது ஊருக்கே தெரியும். ஆனால் ஒருவரும் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அந்த ஊர் மரியாதை அப்படி. வௌவாலைப் பற்றி மட்டும் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

ஓட்டெடுப்பு நாளும் வந்தது. யார் எந்தப் பக்கம் என்பது முன்பே தெரியும்: வயலைக் கொடுக்கலாம் என்று லொரெய்னோடு ஐந்து பேர், கூடாது என்று தலைவரையும் டெரக்கையும் சேர்த்து நாலு பேர். சமமாகிவிட்டால் தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு. ஒவ்வொரு கூட்டமும் ஒரு கேள்வியோடுதான் தொடங்கும்: இன்றைய விஷயத்தில் யாருக்காவது சொந்த லாப நஷ்டம் உண்டா? இருந்தால் எழுந்து வெளியே போக வேண்டும், ஓட்டுப் போடக் கூடாது. வழக்கமாக எல்லோரும் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு பிஸ்கட்டை எடுப்பார்கள்.

"வாய மூடிட்டு உக்காரு," என்று பக்கத்திலிருந்த சிநேகிதி ஜானிஸ் தொடையில் கிள்ளினாள். "கெர்ரி இன்னும் மனுவே போடல. யாருக்குத் தெரியப்போவுது? நீ போயிட்டா நாலுக்கு நாலு, தலைவர் கவுத்துருவாரு."

"எனக்குத் தெரியுமேடி," என்று லொரெய்ன் எழுந்தாள். "எம் பொண்ணு கேரவன்ல கெடக்கா. வீடு வந்தா மொத ஆளா அவதான் கேப்பா. நான் வெளிய போறேன்."

கதவு வரை போனவள் திரும்பினாள். "டெரக், வாங்க போகலாம். ஒங்க சன்னலும் அந்த வயலத்தானே பாக்குது?"

அடேயப்பா! சபையே தேநீர்க் கோப்பைக்குள் தலையை விட்டுக்கொண்டது. டெரக்கின் முகம் ரத்தமாய்ச் சிவந்தது. ஆனாலும் மனுஷர் எழுந்து அவள் பின்னால் வந்தார்.

வாசலில் தூறல். இருவரும் கூரைக்கடியில் நின்றார்கள்.

"சாக்கடைப் பிரச்சன நெசந்தான் லொரெய்ன்."

"இருக்கட்டும்."

"வௌவாலும்..."

"அதுவும் இருக்கட்டும் டெரக்."

டெரக் தன் வீட்டுப் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "மேரியனுக்கு அந்தச் சன்னல்தான் எல்லாம்."

லொரெய்னுக்குச் சுருக்கென்றது. "இத உள்ள சொல்லித் தொலச்சிருக்கலாமே!"

"எங்க வீட்டுக் கஷ்டத்தப் போயி சபையில சொல்றதா?" என்றார் அவர், உண்மையாகவே திடுக்கிட்டு.

நாலுக்கு மூன்று என்று வயலைக் கொடுக்க முடிவாயிற்று. ஜானிஸ் ஓடிவந்து சொன்னதும் அவளைக் கட்டிக்கொண்டு லொரெய்ன் ஓவென்று அழுதாள்.

நிலம் கிடைத்தால் வீடு கிடைத்துவிடுமா? டெரக் விடவில்லை. வயலில் வௌவால் இருக்கிறது என்று மாவட்ட அலுவலகத்துக்கு எழுதிப்போட்டார். வௌவாலுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, இல்லையென்று கணக்கெடுத்துக் காட்டாமல் கட்ட விடமாட்டார்கள்; அந்தக் கணக்கெடுப்பைக் கோடையில்தான் செய்ய முடியும். ஒரு கோடை மழையில் போயிற்று. அடுத்த கோடையில் தேடு தேடென்று தேடியும் ஒன்றுகூட அகப்படவில்லை. அதற்குள் பிள்ளையின் இருமலுக்குப் பயந்து கெர்ரி எக்ஸிடர் நகரத்துக்கே குடிபோய்விட்டாள். அங்கே வேலை, பள்ளிக்கூடம் என்று ஊன்றிக்கொண்டவள், இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

வீடுகளுக்குச் சாவி கொடுத்த அன்று டெரக்கும் வந்திருந்தார். "ஒங்க பொண்ணோட வீடு எது?" என்று அன்பாகத்தான் கேட்டார்.

"எதுவுமில்ல. அவ எக்ஸிடர் போயி ஒரு வருஷத்துக்கு மேல ஆவுது. நீங்க வௌவால் தேடி முடிக்கிற வரைக்கும் எம் பேரனால இருமிக்கிட்டு இருக்க முடியல."

லொரெய்னுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

"அந்த மூல வீடு ஜோவுக்கு. ஒங்க மேரியனக் காலையில குளிப்பாட்டிவிட வருதே, அந்தப் பொண்ணுதான். இனிமே அது பஸ்ஸுக்குக் காத்துக் கெடக்க வேண்டாம். கூப்பிட்டா ஓடி வந்துரும்."

"லொரெய்ன், நான் வந்து..."

"வேண்டாம் டெரக். அவளுக்குக் கெடச்சதுல எனக்குச் சந்தோஷந்தான். வயிறும் எரியுது. ரெண்டுந்தான் இருக்கு," என்றாள்.