வெள்ளைச் சட்டையில் சிவப்புக் கறை

சிதம்பரத்தில் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் யூனிட்டில் நான் சூப்பர்வைசர். சரக்கு கப்பலுக்குக் கிளம்பும்போது முதல் பெட்டிக்குக் குங்குமம் வைப்போம். ஒருமுறை, டேப் ஒட்டாத பெட்டிக்கு வைத்துவிட்டேன்; இடுக்கு வழியாகப் பொடி உள்ளே சிந்தியதைக் கவனிக்கவில்லை.

சரக்கு போய்ச் சேர்ந்ததும், அதை வாங்கியவர் ஜெர்மனியிலிருந்து போன் செய்தார். வெள்ளைச் சட்டைகளில் சிவப்புக் கறையாம். ஆர்டர் போச்சு என்று நினைத்தேன். அவரோ, “இது ரத்தமா? தைத்தவருக்கு அடிபட்டதா?” என்றுதான் கேட்டார்.

ஊசி குத்தி ரத்தம் பட்ட துணியை நான் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

மறுநாள் டெய்லர் செல்வி ஒரு சட்டையோடு வந்தாள். “ரத்தம் பட்டுடுச்சிக்கா. இப்பவே அலசிடறேன்.”

“சட்டைய அங்க வை. கையக் காட்டு.”

திட்டத்தான் போகிறேன் என்று நினைத்து அவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.