பனிக்காக ஓர் ஏகாதசி

தொண்டைக் குழாயின் உள்குழாயை உருவி, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் போட்டு, மெல்லிய பிரஷ்ஷை உள்ளே விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள் மருதாத்தாள். வழக்கமாக லேசாகத் தேய்த்தாலே போய்விடும் சளி அன்று கோந்து மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. நிறமும் சரியில்லை.

கட்டிலில் சுப்ரமணியன் சாய்ந்திருந்தார். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தொண்டையில் அறுவை செய்ததிலிருந்து கழுத்தில் இருக்கும் துளை வழியாகத்தான் அவருக்கு மூச்சு. பேச வேண்டுமென்றால் துளையை விரலால் மூடிக்கொள்வார். மூடினால் மூச்சு முட்டும். அதனால் அவர் பேச்சில் வீண் வார்த்தை இருக்காது.

மருதாத்தாள் வாளையார்ப் பக்கத்துக்காரி. லாரி ஓட்டிய புருஷன் முதுகெலும்பு ஒடிந்து படுத்தபோது, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போடுவதிலிருந்து எல்லாவற்றையும், படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கும் பாலியேட்டிவ் கிளினிக்கில் போய்ப் படித்தாள். அவன் போன பிறகு அதுவே தொழிலாயிற்று. கொல்லங்கோட்டில் இது அவளுக்கு எத்தனையாவது வீடோ. எந்த வீடானாலும் அவளுக்கு ஒரே ஒரு வழக்கம்: தூரத்தில் இருக்கும் பிள்ளைகள் கேட்டால் கண்ணால் பார்த்ததைச் சொல்வாள். கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள்.

மத்தியானம் டாக்டர் வந்து பார்த்தார். லேசான காய்ச்சல். மருந்து எழுதிக் கொடுத்து, நாளைக் காலைக்குள் சளி இளகாவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும், பாலக்காட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதுதான் என்றார். தண்ணீர் நன்றாகக் குடிக்கிறாரா என்று கேட்டதற்கு சுப்ரமணியன் தலையை ஆட்டினார். மருதாத்தாளும் ஆமாம் என்றாள். அவள் வைத்த டம்ளரெல்லாம் காலியாகத்தான் திரும்பி வந்தன.

டாக்டரை வாசல்வரை விட்டுத் திரும்பும்போதுதான் அவர் கட்டிலை ஒட்டிய ஜன்னலுக்கு வெளியே இருந்த செம்பருத்தித் தொட்டியைப் பார்த்தாள். சித்திரை வெயிலில் மற்றத் தொட்டிகளிலெல்லாம் மண் வெடித்துக் கிடந்தது. இது மட்டும் சொதசொதவென்று இருந்தது.

உள்ளே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க சார், செம்பருத்திக்கா சளி கட்டியிருக்குது?"

அவர் விரலைத் துளையில் வைத்தார். "ஏகாதசி."

ஏகாதசிக்கு அவர் பாலும் பழமும் சாப்பிடுவதுதான் வழக்கம். இந்தத் தடவை பச்சைத் தண்ணீர்கூட இல்லை என்று முதல் நாள் ராத்திரியே சங்கல்பம் செய்துகொண்டிருந்தார். எதற்கு என்று அவள் விடாமல் கேட்டதில், விட்டு விட்டுச் சொன்னார். ஒரே மகள் அம்ருதா வடதுருவத்துப் பக்கம் சீல் என்னும் கடல்நாய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போயிருக்கிறாள். அவள் வேலை செய்யும் இடத்தில், மலைகளுக்கு நடுவே புகுந்த கடற்கழியின் மேல், இந்த வருஷம் பனி தாமதமாகத்தான் உறைந்ததாம், எந்த நாளும் உடையலாம் என்று போன வாரம் சொன்னாளாம். அந்தப் பனி நிற்க வேண்டும். அதற்குத்தான் விரதம்.

"அவகிட்ட சொல்லப்படாது" என்றார். "கெளம்பி வந்துடுவா."

வந்தால் அவள் திரும்பிப் போகும்போது அங்கே பனி இருக்காது, வருஷத்து வேலை வீண். மருதாத்தாளுக்கு அது புரிந்தது. நாளை விடியும் வரை இந்த மனிதர் தண்ணீர் குடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் புரிந்தது. வாயைப் பிளந்து ஊற்றுகிற வேலை அவளுக்குப் பழக்கமில்லை. சளி உறிஞ்சும் மெஷினைப் பக்கத்தில் இழுத்து வைத்தாள். ஈரத்துணியைத் துளையின் மேல் போட்டாள். அந்த அனலில் துணி உடனே உடனே காய்ந்தது.

சாயங்காலம் அம்ருதா வீடியோவில் வந்தாள். அப்பாவைப் பார்த்ததும், ஒரு அதிசயம் காட்டுகிறேன் என்று போனைத் திருப்பினாள்.

வெள்ளை. எங்கே கடல் முடிந்து எங்கே மலை தொடங்குகிறது என்று தெரியாத வெள்ளை. நடுவில் ஒரு கைக்குட்டை அளவுக்கு என்னவோ அசைந்தது. டெலஸ்கோப் வழியாகப் பெரிதாக்கிக் காட்டினாள். கறுத்த கண்ணோடு ஒரு சீல் குட்டி. முன்பெல்லாம் பனிக்கட்டியின் மேல் மார்பளவு பூம்பனி விழுந்து கிடக்கும், தாய் அதைக் குடைந்து குகை செய்து குட்டியை உள்ளே வைத்துக்கொள்ளும், கரடிக்கும் கடற்காக்கைக்கும் தெரியாது என்றாள். இப்போது கணுக்கால் அளவுகூட விழுவதில்லை. குட்டி வெட்டவெளியில் கிடக்கிறது.

"தாய் எங்கீங்க அம்மிணி?"

"அடியில, தண்ணிக்குள்ள. அந்தத் துளை தெரியறதா மருதாக்கா? அது வழியாத்தான் மூச்சு விட வரும்."

கடல் உறையத் தொடங்கும்போதே சுரண்ட ஆரம்பிக்குமாம். பனி ஆள் உயரத்துக்கு இறுகினாலும், குளிர்காலம் முழுக்க, நகத்தாலேயே சுரண்டிச் சுரண்டி அந்தத் துளையை மூடவிடாமல் வைத்திருக்குமாம்.

மருதாத்தாள் கையில் எடுத்த உறிஞ்சுகுழாயை மறந்து நின்றாள். "அப்பத் தூங்கறது எப்பொங்க?" என்று கேட்டாள்.

"சித்த தூங்கும். எழுந்து சொரண்டும்."

அப்போது துளைத் தண்ணீர் தளும்பியது. கறுத்த தலை ஒன்று மேலே வந்தது. மூக்குத்துவாரங்கள் இரண்டும் பிளந்து திறக்க, புஸ்ஸென்று ஆவி பறந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருடைய மூச்சைக் காதால் கேட்டுக் கணக்குப் போட்டவள் மருதாத்தாள். இப்படி ஒரு மூச்சை அவள் கண்டதில்லை. சுப்ரமணியனும் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்தில் குழாய் கரகரத்தது.

அது அம்ருதாவுக்கும் கேட்டது. "அப்பாக்கு என்ன?"

சுப்ரமணியன் மருதாத்தாளைப் பார்த்தார். மருதாத்தாள் போனைப் பார்த்தாள். காய்ச்சல், சளி, டாக்டர் சொன்ன கெடு, செம்பருத்தி, விரதம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி முடித்தாள்.



"நீங்க பட்டினி கெடந்தா ஐஸ் நிக்காதுப்பா" என்றாள் அம்ருதா. "கடல்ல சூடு ஏறியாச்சு. அது போறதுக்குள்ள பாத்து எழுதி வைக்கத்தான் நான் வந்திருக்கேன். நீங்க தண்ணி குடிச்சா இருப்பேன். இல்லேன்னா நாளைக்கே கெளம்பறேன்."

அவர் விரலைத் துளையில் வைத்தார். "துளசி தீர்த்தம்னா... தோஷமில்லை."

"அதுக்கு அளவு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்றாள் மருதாத்தாள்.

அளவு எங்கும் சொல்லவில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். அவள் பெரிய சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து ஒரே ஒரு துளசி இலையைக் கிள்ளிப் போட்டாள். படுக்கப் போவதற்குள் இரண்டு சொம்பு தீர்த்தம் உள்ளே போயிற்று.

மறுநாள் காலை உள்குழாய் வழுக்கிக்கொண்டு வந்தது. சளி இளகியிருந்தது, உடம்புச் சூடும் தணிந்திருந்தது. கழுவிப் பொருத்தி, ஈரத்துணி போட்டுவிட்டுத்தான் மருதாத்தாள் அம்ருதாவைக் கூப்பிட்டு விவரம் சொன்னாள். அங்கே ராத்திரி மழை பெய்ததாம், பனி விழ வேண்டிய நாளில் மழை. பனிக்கட்டியின் மேல் தண்ணீர் தேங்கி நிற்கிறது, குட்டி தொப்பலாக நனைந்து கிடக்கிறது, பிழைக்குமா தெரியாது, தாய் மட்டும் துளைக்கு வந்து வந்து போகிறது என்றாள். தான் இருந்து பார்க்கப் போவதாகவும் சொன்னாள்.

சுப்ரமணியன் துளையை மூடினார். "இன்னிக்கும் துளசி போடு."

"துவாதசிங்களே சார், வெறுந் தண்ணியே குடிக்கலாமில்லீங்க."

"அந்தக் குட்டிக்கு. போடு" என்றார்.

மருதாத்தாள் துளசி கிள்ளி வந்தாள். சொம்பை நிரப்பி, கட்டிலுக்கு ஜன்னலில்லாத பக்கமாக வைத்தாள்.