நீர்மூழ்கித் தளபதி தந்த லீவு

அறைத்தோழர் சிவகங்கைக்காரரின் லீவு ரத்தான வியாழக்கிழமை மாலையில், நான் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் தளபதியை ஆப்பிரிக்காவைச் சுற்றி இந்தியப் பெருங்கடலுக்குள் அழைத்து வந்துகொண்டிருந்தேன். சாப்பாட்டு நேரத்தில், கதையாக, தவணை முறையில், ரசத்துக்கும் மோருக்கும் நடுவே.

ஐம்பதைத் தொடும் ஆண்களுக்கு ஒன்று சர்க்கரை வரும், இல்லாவிட்டால் இரண்டாம் உலகப் போரின் மீது ஆர்வம் வரும். எனக்கு இரண்டும் வந்தன. பழைய புத்தகக் கடையில் வாங்கிய அந்தத் தளபதியின் வரலாறு தலையணை அளவு இருந்தது. தலையணையாகவும் பயன்பட்டது.

குவைத்தின் மங்காஃபில் எங்கள் அறையும் ஒரு நீர்மூழ்கிதான் என்பது என் கொள்கை. அறைக்கு ஒரே ஜன்னல். அதிலும் ஏசி உட்கார்ந்திருக்கிறது. நான்கு பேருக்கு மூன்று கட்டில், ஒரு கழிப்பறை. ஃபஹாஹீலில் செல்போன் கடையில் நிற்கும் கீழக்கரை பாய் காலையில் எழுந்துபோனால், அதே கட்டிலில் நைட் டியூட்டி முடித்து வருகிறவர் படுத்துக்கொள்வார். அவரை நாங்கள் ஒரு போர்வையாக மட்டுமே அறிவோம். ஜெர்மன்காரர்களும் அப்படித்தான் முறை வைத்துத் தூங்கினார்களாம். அவர்களுக்குக் கூடுதலாகத் தலைக்கு மேல் குண்டு விழுந்தது. எங்களுக்கு மேல்மாடிக் குடும்பத்தின் மிக்ஸி.

அன்று சிவகங்கைக்காரர் தட்டில் கை வைக்கவில்லை. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் சாரம் கட்டுகிற வேலை அவருக்கு. வெயிலில் வருடக்கணக்காக ஏறி இறங்கி, சமீபத்தில்தான் ஃபோர்மேன் ஆகியிருந்தார்.

"லீவு மாஃபின்னுட்டான் அண்ணாச்சி, கெடையாதாம். ஷட்டவுன் முடியிற வரைக்கும் ஒருத்தனும் அசையக் கூடாதாம். ஞாயித்துக்கெழம ஆபீஸ் தொறந்ததும் போயி ராஜினாமா பேப்பர் போட்டுர்றேன். விசாவக் கேன்சல் பண்ணு, ஆள விடு. கலாஸ், முடிஞ்சிச்சு."

ஆலையை மொத்தமாக நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் காலத்தில் லீவு கேட்பதே பாவம். ஆனால் அவருக்கு வேறு வழியில்லை. அக்கா மகளுக்குக் காதுகுத்து. அக்காவுக்கு உடன்பிறந்தவன் இவர் ஒருவர்தான். பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொள்ள வேண்டும். இவர் போகாவிட்டால் ஒப்புக்கு ஒரு பங்காளியின் மடி கிடைக்கும். 'இவளுக்குக் கேக்க ஆளில்ல' என்று புகுந்த வீடு அதற்குப்பின் ஒவ்வொரு விசேஷத்திலும் சொல்லும். இதில் இவர், லீவு கிடைத்துவிட்டது என்று அக்காவிடம் முந்திக்கொண்டு சொல்லியும் இருந்தார்.

"அக்காட்ட சொல்லிட்டியா?" என்றார் பாய்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது?"

இப்படிப்பட்ட நேரத்தில் வாயைத் திறப்பவன் முட்டாள். நான் திறந்தேன். "அந்தத் தளபதி இருந்தாரே..."

"அண்ணாச்சி, யா அல்லா, அவன் இன்னும் சாகலயா?" என்றார் பாய்.

பாய்க்குத் தளபதி மேல் ஆரம்பத்திலிருந்தே வருத்தம். தளபதி சின்னக் கப்பலில் தொடங்கி, பெரிய கப்பல் வாங்கி, சரக்குக் கப்பல்களாகப் பார்த்து மூழ்கடித்து மார்பு நிறையப் பதக்கம் குத்திக்கொண்டதை நான் உற்சாகமாக வர்ணித்த நாளில், பாய் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "அந்தக் கப்பல்ல அடியில நின்னு கரி அள்ளிப் போட்டவன் யாரு? வெள்ளைக்காரனா? நம்ம கரையோரத்து ஆளுவதான் போனாங்க. உங்க தளபதி அவங்கள எண்ணினானா?" என் தலையணைப் புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. அதன்பிறகு பதக்கங்களை விட்டுவிட்டேன். கதை பாதியாக இளைத்துவிட்டது.

மிச்சமிருந்ததில் ஒரு சங்கதி உருப்படியானது. மாதக்கணக்கில் கரையைப் பார்க்காத கப்பலில் ஆட்கள் ஒருவரையொருவர் கடித்துக்கொள்ளத் தொடங்கியபோது, அந்த மனிதர் கப்பலுக்குள்ளேயே லீவு கொடுத்தார். லீவு கிடைத்தவனுக்குக் காவல் முறை கிடையாது, எடுபிடி கிடையாது. படுத்துத் தூங்கலாம், அவனை யாரும் ஏவக்கூடாது. போக இடமில்லைதான். ஆனாலும் அது லீவு.

சிவகங்கைக்காரர் என்னையே பார்த்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"தண்ணிக்குள்ள லீவா?"

"ஆமா."

"கூறுகெட்ட பயலுக," என்றவர் முதல் கவளத்தை எடுத்தார்.

பாய் யோசித்தார். "ஆளு கெட்டவன். யோசன நல்லாருக்கு. யோசனய மட்டும் எடுத்துக்குவோம். மாப்ளே, நாளைக்கு வெள்ளிக்கெழம உனக்கு லீவு. நான் சாங்ஷன் பண்றேன்."

"உங்களுக்கென்ன பவர் இருக்கு பாய்?"

"என் கட்டில்ல ரெண்டு பேரு தூங்குறோம். அந்தப் பவர்தான்."

இது கேலியாகத்தான் தொடங்கியது. ஆனால் மறுநாள் காலை சமையல் முறை, பாத்திர முறை, கழிப்பறை கழுவும் முறை மூன்றிலிருந்தும் அவர் விடுவிக்கப்பட்டார். அந்த மூன்றும் எனக்கு வந்தன. தளபதியை அறைக்குள் கொண்டுவந்ததற்குத் தண்டனை என்றார் பாய். நான் வைத்த மட்டன் குழம்பைக் குறைசொல்ல லீவில் இருப்பவருக்கு உரிமை உண்டு என்று ஒரு விதி உடனே உண்டாயிற்று. அவர் அந்த உரிமையைத் தாராளமாகப் பயன்படுத்தினார்.

"இது கொழம்பில்ல அண்ணாச்சி. ஆடு குளிச்ச தண்ணி."

சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். ஷட்டவுன் தொடங்கியதிலிருந்து அவர் அப்படித் தூங்கி நாங்கள் பார்த்ததில்லை. பிற்பகல் அஸர் தொழுகை முடித்து வந்த பாய் அவரை எழுப்பி, கையில் டீயைக் கொடுத்தார்.

"மாப்ளே, ஊருக்குப் போய் எறங்கியாச்சி. மொதல்ல யாரப் பாப்ப?"

"அக்காவத்தான்."

"அப்பப் பாரு," என்று போனை நீட்டினார்.

சிவகங்கைக்காரர் அந்தப் போனையே வெறித்துக்கொண்டிருந்தார். நானாக இருந்தால் இன்னொரு டீ கேட்டிருப்பேன். அவர் வாங்கி அழுத்திவிட்டார். அக்கா முகம் தெரிந்ததும் வணக்கமும் இல்லை, நலமும் இல்லை. "அக்கா, லீவு இல்லன்னுட்டான்" என்று போட்டு உடைத்தார்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நான் குழாயை மூடினேன். ஒட்டுக்கேட்பதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு.

"அவ்ளோதானா?" என்றது அக்காவின் குரல். "நேத்துலேருந்து போன எடுக்கலயே, சாரத்துலேருந்து விழுந்துட்டியோ என்னமோன்னு உசுரக் கையில புடிச்சிக்கிட்டுக் கெடக்கேன். ஏன்டா, பத்திரிகை இன்னும் அடிக்கவே குடுக்கலடா."

"தேதி குறிச்சாச்சே?"

"குறிச்ச தேதிக்கு மடியா இருக்கு? தைக்கும் முகூர்த்தம் இருக்கு, மாசிக்கும் இருக்கு. மாமன் வர்ற அன்னைக்குத்தான் எம்புள்ளைக்குக் காது குத்து. யாரு என்ன சொல்றாகன்னு நான் பாத்துக்கிறேன். வேலைய விட்டுக்கிட்டு வந்து நின்ன, ஒனக்கும் சேத்துக் குத்திப்புடுவேன்."

போனை வைத்ததும் சிவகங்கைக்காரர் எழுந்து வந்து, என் கையிலிருந்த சட்டியை வாங்கித் தேய்க்கத் தொடங்கினார்.

"லீவுல இருக்கிய," என்றேன்.

"நீங்க கழுவுற லட்சணத்தப் பாத்தா லீவுல இருக்க முடியல."

ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போனார். பேப்பர் போடவில்லை. ஷட்டவுன் முடிந்ததும் ஒருவழியாக நிஜ லீவு கிடைத்தது. காதுகுத்து முடிந்த வாரம் ஒரு படம் வந்தது. பட்டுப் பாவாடையில் பிள்ளை வாயைப் பிளந்து அலறுகிறாள். அவளை மடியில் இறுக்கிப் பிடித்திருக்கும் மாமன், அவளைவிட அதிகமாக அழுதிருக்கிறார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் போனில் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம் ஒக்கார விடல. மோட்டாரு ரிப்பேரு, ரேஷன் கார்டு, கூரை ஒழுகுது, மச்சானுக்குப் பொண்ணு பாக்கணுமாம். நான் ரூமுக்கு வந்ததும் எனக்கு ரெண்டு நாளு லீவு வேணும்."

"ஷட்டவுன் இல்லாட்டிப் பாக்கலாம்னு சொல்லுங்க," என்றார் பாய்.

நாங்கள் சிரித்த சத்தத்தில் எதிர்க் கட்டிலில் போர்வை அசைந்தது. அதற்குள்ளிருந்து முதல்முறையாக ஒரு குரல் வந்தது.

"ஏங்க, அப்ப எனக்கு எப்போ?"