இதில் யார் முதலை?

மட்டக்களப்புப் பக்கம் ஒரு புத்தகம் வெளிவருவதென்றால் சும்மா இல்லை. ஆசியுரை வேண்டும், வாழ்த்துரை வேண்டும், அணிந்துரை வேண்டும், ஒவ்வொன்றுக்கும் மேலே உரியவரின் படமும் வேண்டும். வெளியீட்டு விழாவில் முதற்பிரதி ஊர்ப் பெரியவருக்குப் போகும். பிறகு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி மேடைக்கு அழைத்துச் சிறப்புப் பிரதி கொடுப்பார்கள். வாங்கியவர்கள் அதை வீட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டுவார்கள். பெரியவர்களின் புத்தகம், பெரியவர்கள் பாடு, அதை விடுவோம். சிறுவர் புத்தகத்துக்கும் இதே கூத்து என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? செட்டிபாளையத்துக் கேதீஸ்வரிக்குப் பொறுக்கவில்லை.

கேதீஸ்வரி முன்பள்ளி ஆசிரியை. புருஷன் சுதாகரன் வாவியில் வலை போடுகிறவன். வாவி என்பதெல்லாம் எழுத்தில்தான், ஊர் வாயில் அது ஆறு. எழுத்தாளராக வேண்டும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. முன்பள்ளிக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி படப்புத்தகம் வந்தது. எல்லாம் பனியில் சறுக்கும் கரடியும் கம்பளித் தொப்பி போட்ட முயலும்தான். வாசித்துக்கொண்டிருக்கும்போது ஒரு குட்டி கேட்டது.

“டீச்சர், இந்தக் கரடி எங்கட ஆத்துல இரிக்கா?”

“இல்ல மனே. எங்கட ஆத்துல முதலதான் இரிக்கி.”

“அப்ப முதல ஏன் புத்தகத்துல இல்ல?”

கேதீஸ்வரி புத்தகத்தை மூடி வைத்தாள். அன்று மத்தியானம் பிள்ளைகள் போனபிறகு, அவர்களின் சின்னக் கதிரை ஒன்றில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். ஆற்றில் கிடந்து அலுத்துப்போன ஒரு முதலை முன்பள்ளிக்கு வருகிறது. கதிரையில் உட்காருகிறது, கதிரை உடைகிறது. கைகழுவ வரிசையில் நிற்கிறது, அதன் வால் நீளத்துக்கு வரிசை ரோட்டுக்குப் போய்விடுகிறது.

எழுதியதை மறுநாள் காலை பிள்ளைகளுக்கு வாசிப்பாள். எந்த இடத்தில் ஒரு பிள்ளை “டீச்சர், ஒண்டுக்கு” என்று எழும்புகிறதோ, அந்த இடத்தில் ஒரு கோடு இழுப்பாள். அந்தப் பக்கம் போச்சு. பிள்ளைகளைவிடக் கொடூரமான விமர்சகர் உலகத்தில் இல்லை. ஒருவரும் எழும்பாத கதை ஒன்று வந்து சேர இரண்டு வருடம் பிடித்தது. படங்களையும் அவளே கீறினாள்.

ஊர் இலக்கிய மன்றத் தலைவர் பாலசுந்தரம், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். கல்யாண வீடென்றால் தானே மாப்பிள்ளை, செத்த வீடென்றால் தானே பிணம் என்று இருக்கிற ஆள். ஆனாலும் கெட்டவர் இல்லை. மன்றச் செலவில் கலர்ப் படங்களோடு அச்சடித்துத் தருகிறோம் என்று தானாகவே முன்வந்தவர் அவர்தான். கேதீஸ்வரிக்கு அன்று முழுக்கக் கால் நிலத்தில் பாவவில்லை.

அச்சகத்திலிருந்து மாதிரிப் பிரதி வந்தது. அதைப் பிரித்தும் பாராமல் நேரே பிள்ளைகளிடம் கொண்டு ஓடினாள். எல்லாம் சுற்றி உட்கார்ந்தன. முதல் பக்கத்தில் ஒரு சாமியார். அடுத்த பக்கத்தில் பாலசுந்தரம். அதற்கடுத்து டை கட்டிய ஒருவர், கோட்டுப் போட்ட ஒருவர், பிறகு மூக்குக் கண்ணாடியோடு இன்னும் இருவர். அவள் புரட்டிக்கொண்டே போனாள். பாலசுந்தரத்தின் மகள்வயிற்றுப் பேத்தி விதுசாவும் அந்த வகுப்பில்தான் இருந்தாள். அவள் எட்டி, படங்களில் விரலை வைத்தாள்.

“டீச்சர், இதுல ஆரு முதல?”

கேதீஸ்வரிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கதை தொடங்குவதற்குள் பாதிப் பிள்ளைகள் ஊஞ்சலுக்குப் போய்விட்டன. கதையிலும் கதிரை உடைகிற பக்கத்தைக் காணவில்லை, கைகழுவுகிற பக்கத்தைக் காணவில்லை. அச்சகக்காரர் றம்ஸீனுக்குப் போன் எடுத்தாள்.

“நான் என்ன செய்ய டீச்சர்? பக்கத்தக் கூட்டேலா, உரையெல்லாம் உள்ளுக்கு வரணும், கதையில கழிங்க எண்டு தலைவர்தான் சொன்னாரு. அவரே கோடு போட்டுத் தந்தவரு.”

பிள்ளைகள் அடித்த கோட்டுக்கு அவள் தலைகுனிந்தவள். இது யார் அடித்த கோடு?

பின்னேரம் பாலசுந்தரத்தின் வீட்டுக்குப் போய் மாதிரிப் பிரதியை மேசையில் வைத்தாள்.

“சேர், என்ட கதையில ஏன் பக்கத்த எடுத்தீங்க?”

“தங்கச்சி, கதிர ஒடையிறதுல என்ன படிப்பினை இரிக்கி?”

“புள்ளைகள் சிரிக்கிதுகள் சேர்.”

“சிரிச்சாப் போதுமா? பெரியாக்கள ஒதுக்கிப்போட்டுப் புத்தகம் போடேலுமா? தலையிருக்க வால் ஆடக்கூடாது.”

“முதலைக்கு வாலுலதான் சேர் பெலம்.”

அவர் முகம் கறுத்தது. “அப்ப மன்றம் இதுல இல்ல. மண்டபமும் இல்ல, கலரும் இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிச்சுப்போட்டுத்தான் வந்தநான்.”

அப்படிச் சொல்லிவிட்டு வந்தாளே தவிர, வழி நெடுகத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் படிப்பித்த அதிபர் அவர். எதிரே நின்று ஒரு சொல் பேசியதில்லை. வீட்டுக்கு வந்து, இரண்டு வருடமாக மனதில் தீட்டி வைத்திருந்த கலரெல்லாம் போச்சே என்று அழுதாள். சுதாகரன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான்.

“போனாப் போகட்டும் கேதீஸ். எங்கட ஆத்து முதல என்ன, கலர் கலராவா கிடக்கு? சேத்து நிறந்தானே.”

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். மறுநாள் றம்ஸீனிடம் போய், கறுப்பு மையிலேயே அடியுங்கள், உரை ஒன்றும் வேண்டாம், கழித்த பக்கமெல்லாம் திரும்ப வரவேண்டும், அட்டையைத் திறந்தால் முதலை நிற்கவேண்டும் என்றாள். கையில் இருந்த காசுக்கு அச்சடிக்க முடிந்தது கொஞ்சப் பிரதிதான்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? “ஒரு முதலையக் கீறிப்போட்டு அவக்கு வந்த திமிரையும் கெப்பரையும் பாருங்க” என்று கடையில் அவள் காதுபடவே சொன்னார்கள். “ஓம், கெப்பர்தான்” என்று அவளும் சொல்லிவிட்டுச் சீனியை வாங்கிக்கொண்டு வந்தாள்.

வெளியீடு முன்பள்ளி முற்றத்தில் நடந்தது. பாய் விரித்துப் பிள்ளைகளை முன்னால் இருத்தி, பெரியவர்களை வேலியோரம் நிற்கவிட்டாள். சுதாகரன் எங்கேயோ ஒரு ஒலிவாங்கியை இரவல் வாங்கி வந்திருந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு முழங்கினான்.

“அடுத்ததாக, சிறப்புப் பிரதியைப் பெற்றுக்கொள்ளச் செல்வி விதுசா அவர்களை அன்போடு அழைக்கிறோம்!”

செல்வி விதுசா அவர்கள் வாயில் விரலோடு வந்தார். படம் எடுக்கச் சிரி என்றார்கள், சிரிக்கவில்லை. புத்தகத்தைப் பறித்து அந்த மணலிலேயே உட்கார்ந்து திறந்தாள். “முதல!” என்று கத்திய கத்தலை ஒலிவாங்கி ஊருக்கே சொன்னது. மற்றப் பிள்ளைகள் பெயர் கூப்பிடும்வரை பொறுக்காமல் எழும்பி ஓடி வந்தன.

பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்த பாலசுந்தரம் வெள்ளை வேட்டியும் மடிப்புச் சால்வையுமாக ஓரத்தில் நின்றார். கடைசிவரை தன் பெயர் வரும் என்று நின்றார். பிள்ளைகள் எல்லோரும் வாங்கி முடிந்தபோது மேசையில் ஒரே ஒரு பிரதி கிடந்தது. அவர் மெல்ல மேசையடிக்கு வந்தார்.

“எனக்கொண்டு இல்லையா தங்கச்சி?”

பழக்கதோஷம், கேதீஸ்வரி எழும்பிவிட்டாள். இரண்டு கையாலும் புத்தகத்தை எடுத்தும்விட்டாள். அப்போது வேலிக்கு வெளியே, முன்பள்ளிக்கு வராத அடுத்த ஒழுங்கையில் குடியிருக்கும் பிள்ளை ஒன்று கம்பியில் நாடியை வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

“புள்ளைகளுக்குக் குடுத்து மிஞ்சினாத் தாறன் சேர்” என்றாள். சுதாகரனின் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு வேலிப் பக்கம் திரும்பினாள்.

“உன்ட பேர் என்ன மனே? மேடைக்குக் கூப்பிடணும்.”