அம்மாவுக்கு நான் சொல்லிக்கொடுத்த கிழமை

எங்கள் வீட்டில் ஹெல்மெட் என்பது வண்டி ஓட்டுகிறவருக்கு மட்டுமே உரியது. அதனால்தான் பாகலூர் சாலையின் வேகத்தடையில் வண்டி எகிறியபோது அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்த அம்மா மண்டை அடிபடத் தார்ச்சாலையில் விழுந்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அப்பா என்னைப் பள்ளியிலிருந்து ஓசூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அம்மா என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்து, மிச்சம் வைத்ததற்குத் திட்டினாள். எனக்குப் பாதி உயிர் வந்தது.

டாக்டர் அப்பாவிடம், "மண்டையோட்டுல மெல்லிசா விரிசல் விட்டிருக்கு. அதுக்குக் கட்டெல்லாம் கெடையாது, தானா கூடிடும். உள்ள ரத்தம் கசியுதான்னுதான் பாக்கணும். மணிக்கொரு தடவ கேள்வி கேப்போம். பதில் தடுமாறுனா தலையத் திறக்க வேண்டி வரும்" என்றார்.

போன வருடம் என் கைக்கு ஒரு மாதம் மாவுக்கட்டு போட்டவர்கள், அம்மாவின் தலைக்கு ஒரு துணிகூடச் சுற்றாமல் கேள்வி கேட்கப் போகிறார்களாம். ஆனால் ஒன்று மட்டும் எனக்குப் புரிந்தது. இது பரீட்சை. பாஸானால் தலையைத் திறக்க மாட்டார்கள்.

முதல் தடவை அம்மா பேர், ஊர், கிழமை மூன்றையும் டக்கென்று சொன்னாள். அதன் பிறகு அவளுக்குத் தூக்கம் தூக்கமாக வந்தது. அப்பா மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். நான் அவள் காதருகே குனிந்து, "மா, நம்மூரு பாகலூரு. இன்னிக்கி வியாழக்கெழம. மறந்துடாத" என்று விடாமல் ஒப்பித்தேன். நர்ஸ் அக்கா வந்து கேட்டபோது அம்மா இழுத்து இழுத்து எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டாள். அவர் குறித்துக்கொண்டு நகர்ந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் தடவை அவர் கேள்வியை மாற்றிவிட்டார். என்னைக் காட்டி, "இது யாரு, அக்கா?" என்றார்.

இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. இதைக்கூடவா சொல்லித்தர வேண்டும்? அம்மா என்னையே வெறித்துப் பார்த்தாள். "எம் பாப்பா ஸ்கூல்ல நிக்கறா. யாராச்சும் போய்க் கூட்டியாங்க" என்றாள்.

நர்ஸ் அக்கா ஓடினார். அம்மாவைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். உள்ளே கசிந்த ரத்தம் மூளையை அழுத்தியிருந்ததாம். மண்டையைத் திறந்து அதை எடுத்தார்கள். அம்மா பிழைத்துக்கொண்டாள்.

அன்று வராந்தாவில் நின்று அழுதபோது எனக்கு அவள் மேல் கோபம்தான் வந்தது. இவ்வளவு சுலபமான கேள்விக்குப் போய்த் தப்பாகச் சொல்லிவிட்டாளே என்று. அந்தத் தப்புதான் அவளைக் காப்பாற்றியது என்பதும், ஒரு மணி நேரம் முன்பே அவள் சொல்லியிருக்க வேண்டிய தப்பை நான்தான் சொல்லவிடாமல் தடுத்தேன் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.