சுசீலாபாயின் பைக் ஸ்பீக்கர்

ஆரியசாலையில் சாக்கும் கயிறும் விற்கிற கடை என்னுடையது. பக்கத்துக் கடை ஷிஜுவுடையது. பைக்குகளுக்குப் பாட்டு மாட்டிக் கொடுப்பது அவன் தொழில். ஹேண்டிலுக்குக் கீழே இரண்டு ஸ்பீக்கர், சீட்டுக்கு அடியில் ஒரு ஆம்ப்ளிஃபயர், பென்டிரைவ் சொருக ஒரு ஓட்டை. நாள் முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டு வியாபாரம் பண்ணுகிறவள் என்பதால் எனக்குச் சொல்ல உரிமை உண்டு. இந்த ஊரில் சுசீலாபாயைப் போல ஸ்பீக்கரைக் கிழித்த ஆள் வேறு கிடையாது.

சுசீலாபாய் கருப்பட்டி விற்கிறவள். பிறந்தது களியக்காவிளைப் பக்கம், வாழ்க்கைப்பட்டது நேமத்தில். புருஷன் வேலாயுதனுக்கு இடுப்பில் அடிபட்டு வண்டி ஓட்ட முடியாமல் போனபோது, அவனுடைய பைக்கை விற்றுவிடச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். இவள் அதை ஓட்டப் படித்தாள். சேலையை மடித்து வைத்துவிட்டுச் சுடிதாருக்கு மாறினாள். சீட்டுக்கு இரண்டு பக்கமும் கருப்பட்டிச் சாக்கைக் கட்டிக்கொண்டு டவுனுக்குள் இறங்கிவிட்டாள். பொம்பளை பைக்கில் போவது பார்க்க நன்றாகவா இருக்கிறது என்று கேட்ட மைத்துனருக்கு, "பாக்காண்டாம் அண்ணே, வாங்கினா போதும்" என்று பதில் சொன்னாளாம்.

சத்தத்தை எப்போதும் முழுசாகத்தான் வைப்பாள்.

"சேச்சி, கொஞ்சம் கொறச்சு வையுங்க. முழுசா வச்சா ஆம்ப் திணறும், ஸ்பீக்கர் கிழியும்" என்று ஷிஜு தலையில் அடித்துக்கொள்வான்.

"மாடியில இருக்கவன் கருப்பட்டி திங்காண்டாமா?" என்பாள் அவள்.

பென்டிரைவில் இருந்தது அவளுடைய சொந்தக் குரல். 'கருப்பட்டியேய், நல்ல பனங்கருப்பட்டியேய்' என்று இழுத்து ஒரு ராகம் போடுவாள். வண்டி பழவங்காடி தாண்டும்போதே எங்கள் தெருவில் கருப்பட்டிக் காப்பிக்குப் பால் கொதிக்க வைக்கிறவர்கள் உண்டு. கிழிந்த ஸ்பீக்கர் வழியாக வந்தால்கூட அந்தக் குரல் நன்றாகத்தான் இருக்கும்.

போன வருஷம் கழுத்தில் ஒரு கட்டி வந்து ஆபரேஷன் ஆயிற்று. குரல் கொஞ்சம் மாறலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இரண்டு மாதம் வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு. சுசீலாபாய் வாய் மூடி இருப்பதா என்று நாங்கள் சிரித்தோம். அவள் இருந்து காட்டினாள். மெதுவாகப் பேச்சு வந்தது. கரகரப்போடுதான் வந்தது. ஆனால் வீட்டில் வேலாயுதனும் மகள் ஜினியும், "பழய சப்தம் வந்நாச்சு" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குத் தன் குரல் உள்ளுக்குள் எப்படிக் கேட்கும் என்று யாருக்குத் தெரியும்? அவள் நம்பிவிட்டாள்.

திரும்பத் தொழிலுக்கு வரும்போது பழைய பென்டிரைவ் மழையில் ஊறிக் கெட்டிருந்தது. ஜினியின் போனில் புதிதாகக் கூவிப் பதிந்தாள். ஜினி அதைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள். முதல் நாளே ஸ்பீக்கர் கரகரவென்று இரைந்தது. வழக்கம்போலக் கிழிந்துவிட்டது என்று அவளும் நினைத்தாள், ஷிஜுவும் நினைத்தான். கழற்றிப் புதுசு மாட்டினான்.

மறுநாள் கடை முன்னால் பைக் வந்து நின்ற வேகத்தில் என் கயிற்றுச் சுருள்கள் உருண்டன.

"லே ஷிஜு, இது புதுசுதானா? இல்ல எவன் வண்டியில இருந்து கழட்டினதா? அதே கரகரப்புல்லா இருக்கு!"

"சேச்சி, உங்க முன்னால வச்சுல்லா பெட்டியைப் பொட்டிச்சுத் திறந்தேன்!"

அவனுக்கும் ரோஷம். தன்னுடைய பென்டிரைவைச் சொருகினான். நாதஸ்வரம் பொழிந்தது. தவில் ஒவ்வொரு அடியும் சுத்தமாக விழுந்தது. அதை எடுத்துவிட்டு அவளுடையதைப் போட்டான். 'கருப்பட்டியேய்' என்று பாதி காற்றும் பாதி இரைச்சலுமாக வந்தது. மறுபடி நாதஸ்வரம் போட்டான், அதில் ஒரு குறையும் இல்லை. அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. ஸ்குரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"அப்போ ஸ்பீக்கருக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் சுசீலாபாய். "நான்தான்."

குரல் மாறினது அவளுக்கே தெரிந்திருக்கும் என்றே நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். அவள் அங்கேயே நின்று மகளைப் போனில் கூப்பிட்டாள்.

"ஜினி, நீ கேட்டல்லியா? கேட்டுட்டா நல்லாருக்குண்ணு சொன்னே?"

"அம்மைக்குச் சங்கடம் வரக்கூடாதுண்ணு..." என்று அந்தப் பெண் அழுதது எனக்கே கேட்டது.

"தெருவெல்லாம் கேட்டாச்சு. எனக்கு மட்டும்தான் தெரியாது" என்று போனை வைத்துவிட்டாள்.

ஷிஜு நல்லவன். தன்னிடம் ஆர்ஷா என்ற பெண் பேசிய பதிவு இருப்பதாகச் சொன்னான். மீனுக்கு, பெட்ஷீட்டுக்கு, லாட்டரிக்கு என்று டவுன் முழுக்க ஒலிப்பது அந்தப் பெண்ணின் குரல்தான். அவளைக் கருப்பட்டிக்கும் ஒன்று பேச வைத்து அன்றைக்கே போட்டுக் கொடுத்தான். தேன் ஒழுகுகிற மலையாளம். சுசீலாபாய் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

வியாபாரம் ஒன்றும் குறையவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும், கொஞ்சம் கூடத்தான் செய்தது. இப்போதுதான் கேட்கச் சுகமாக இருக்கிறது என்று வழியில் ஒரு அம்மாள் பாராட்டவும் செய்தாளாம். அதைக் கேட்ட கையோடு சுசீலாபாய் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

"இதைக் களையுடே" என்றாள்.

"சேச்சி, நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுது. நான் போய் நிக்குத எடத்துல எல்லாம் எனக்கு முன்னாடி வேற ஒருத்தி வந்து நிக்கா. வண்டி எனக்க வண்டி, சாக்கு எனக்க சாக்கு, விளிக்குதது மட்டும் அவளா?"

ஷிஜு என்னைப் பார்த்தான். கூடுதல் வியாபாரத்தை எவளாவது வேண்டாம் என்பாளா என்று எனக்கும் நாக்கு நுனி வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். அவனுடைய போனை வாங்கி, என் கடை முன்னால் நின்றே கூவினாள். பழைய ராகம்தான். மேலே ஏறுகிற இடத்தில் குரல் ஏறவில்லை, உடைந்தது. உடைந்த இடத்தை அழித்துவிட்டு மறுபடி பதியலாம் என்றான் ஷிஜு. "அது அங்க கெடக்கட்டு" என்று சொல்லிவிட்டாள்.

நான் குடியிருப்பது ஸ்ரீவராகத்தில். அடுத்த நாள் காலையில் அந்தக் குரல் எங்கள் தெருவுக்குள் வந்தது, முழுச் சத்தத்தோடு. ஒரு ஜன்னல் சாத்திக்கொண்டது. இரண்டு பையன்கள் அதே மாதிரி இழுத்துப் பார்த்துச் சிரித்தார்கள். நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு இறங்குவதற்குள், எதிர்வீட்டுப் பஞ்சாபகேசன் வெளியே வந்துவிட்டார். தெருச் சங்கத்துக்கு அவர்தான் செக்ரட்டரி.

"ஏம்மா, அந்த ஸ்பீக்கரை மாத்தப்படாதோ? கிழிஞ்சு தொங்கறது போலருக்கே!"

"ஸ்பீக்கர் புதுசு சாமி. சப்தம் என்னோடது" என்றாள்.

பஞ்சாபகேசனுக்கு முகம் சிவந்துவிட்டது. பாவம், மனுஷர் கெட்டவர் இல்லை. கழுத்தில் இருந்த தழும்பை அப்போதுதான் கவனித்தார். "சரி... கொஞ்சம் குறைச்சாவது வச்சுக்கோயேன்" என்றார்.

"ஆபரேஷன் கழிஞ்சு ரெண்டு மாசம் வாய மூடி மிண்டாம கெடந்தேன் சாமி. கொறைக்க வேண்டியதெல்லாம் அப்பவே கொறச்சாச்சு" என்று சொல்லிவிட்டு, பாட்டை முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டாள்.